முந்திக்கொண்டு பதில் சொன்னவள்

கோட்டு தைக்கிற அந்தக் கட்டடத்தில் கீழ்த்தளம் முழுக்க மெஷின் சத்தம். மாடி ஏறிவிட்டால் சத்தம் காலுக்கடியில் போய்விடும், உள்ளங்காலில் ஒரு நடுக்கம் மட்டும் மிஞ்சும். மாடியில் எல்லாம் கை வேலை. காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, கீழ்மடிப்பைத் தையல் வெளியே தெரியாமல் தைப்பது, கடைசியில் இஸ்திரி. நீள மேசைகள், இரண்டு பக்கமும் பெண்கள். நடுவில் ஒரு உயரமான முக்காலி. அதில் ஒரு மனிதர் உட்கார்ந்து புத்தகம் படிப்பார். அவருக்கு அதுதான் வேலை.

கை ஓடுகிறபோது காது சும்மாதானே இருக்கிறது என்று எந்தக் காலத்திலோ ஆரம்பித்த வழக்கம் அது. எந்தப் புத்தகம் என்பதைப் பெண்கள்தான் முடிவு செய்வார்கள். அவர் சில புத்தகங்களின் முதல் பக்கத்தை மட்டும் படித்துக்காட்டுவார். பிடித்ததற்குக் கத்தரிக்கோலால் மேசையைத் தட்டவேண்டும். எதற்குச் சத்தம் அதிகமோ அது. நடுவில் ஒரு இடம் மனதைத் தொட்டாலும் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் தட்டமாட்டார்கள். அந்த அமைதியை அவரால் தாங்கவே முடியாது. நாள் முழுக்கப் படித்துப் படித்து எப்போதும் கனைத்துக்கொண்டே இருப்பதால் அவருக்குத் தொண்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அங்கே ஜன்னலுக்கு அடுத்த மேசையில் காஜாக்காரி உட்கார்ந்திருந்தாள். பட்டன் நுழைகிற இடத்தைத் துணியில் வெட்டி, வெட்டிய விளிம்பு பிரியாமல் நூலால் கட்டுகிற வேலை அவளுடையது. வெட்டியது வெட்டியதுதான். ஒரு நூலிழை நீளமாகப் போய்விட்டால் கோட்டே வீண். அதனால் அந்த வேலையை அவசரக்காரிகளிடம் கொடுக்கமாட்டார்கள். பக்கத்து நாற்காலியில் அவள் மகள். கல்யாண வயதுப் பெண். பட்டன் வைக்கிற வேலை. அம்மா திறந்த வாசலில் மகள் பூட்டு மாட்டுகிறாள் என்று இஸ்திரிக்காரி கேலி செய்வாள்.

"அம்மா" என்று அந்தப் பெண் கூப்பிடும்போதெல்லாம் காஜாக்காரிக்கு நெஞ்சுக்குள் ஒரு இடம் இனிக்கும், இன்னொரு இடம் திடுக்கிடும். காரணம் இதுதான்: அந்தப் பெண்ணை அவள் பெறவில்லை.

பெற்றது அவளுடைய அக்கா. குழந்தைக்குப் பால் மறக்கும் முன்பே அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த தங்கையை, வந்த இடத்திலேயே மணமுடித்து வைத்துவிட்டார்கள். அவளைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிறகு வேறு ஊருக்குக் குடிபோனார்கள். போகிற வழியிலேயே மாமியார் ஒரு முடிவு எடுத்தாள்.

"பிள்ளைக்குத் தாய் செத்த கதையே தெரிய வேணாம். நீயும் அவ ஜாடைதான். அவ பேரையே வச்சுக்கோ. எனக்கும் நாக்கு பழகிப்போச்சு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் அக்கா ஆனாள். அக்காவின் துணிகள் இடுப்பில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தன. பிடித்துத் தைத்துக்கொண்டாள். புதிய ஊரில் யாராவது குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் மாமியார் சொல்லுவாள்: "என் மருமகளுக்கு ஒரு தங்கச்சி இருந்தா. பாவம், சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டா." பேத்தியிடமும் அதைத்தான் சொன்னாள். செத்துப்போன சித்தியைப் பற்றிக் கதைகூடக் கட்டினாள். சித்தி சரியான அடங்காப்பிடாரி, சித்தி மரத்திலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள், சித்தி ஒரு விசேஷ வீட்டில் எல்லார் செருப்பையும் ஒளித்துவைத்தாள். பேத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். "சித்தி இருந்திருந்தா எனக்கு ஜாலியா இருந்திருக்கும், இல்லம்மா?" என்பாள். உயிரோடு உட்கார்ந்து தன் சாவைக் கேட்டுக்கொண்டு, காஜாக்காரி பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருப்பாள். உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொள்வாள்.

புருஷன் சரக்கு லாரி ஓட்டினவன். வீட்டிலிருந்த நாட்கள் குறைவு. நல்ல மனிதன்தான். நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்து, கடைசி நாள் காலையில் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "வந்தேன்" என்று ஓடிப்போய்க் கட்டிலோரம் நின்றாள். அவன் கண் அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. அதைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான். தன்னைத்தான் கூப்பிட்டானா என்று அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தப் பழைய நாவல் வந்தது. தொண்டை முதல் பக்கத்தைப் படித்ததுமே கத்தரிக்கோல்கள் தடதடவென்று அடித்தன.

ஒரு பெரிய வீட்டின் கதை. வீட்டு எஜமானன் வேலைக்காரிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான். அவள் செத்ததும் அடுத்தவள் வருகிறாள். புதுப் பெயர் கற்றுக்கொள்ள அவனுக்கு அலுப்பு. அதே பெயரைச் சொல்லி அவளையும் கூப்பிடுகிறான். அவளும் செத்து, மூன்றாமவளும் செத்து, நாலாவதாக ஒரு பெண் வருகிறாள். அவன் கூப்பிடுகிறான். அவள் வாயைத் திறக்கும் முன்பே படிக்கட்டிலிருந்து ஒரு குரல், சமையல் கட்டிலிருந்து ஒரு குரல், கிணற்றடியிலிருந்து ஒரு குரல், "வந்தேன்" என்கிறது.

அந்த இடத்தைத் தொண்டை படித்தபோது மாடியில் ஒரு ஊசிகூட நகரவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"பேரைக் கேக்கக்கூட அவனுக்கு வாய் வலிக்குதா?" என்றாள் கீழ்மடிப்பு தைப்பவள்.

"பேரைக் கேட்டா நாளைக்கு ஊரைக் கேக்கணும். அப்புறம் உடம்பு சுகமான்னு கேக்கணும். எங்க போய் முடியும் அது? அதான் ஆரம்பத்துலயே நிறுத்திட்டான், புத்திசாலி" என்றாள் இஸ்திரிக்காரி.

"பேருல என்ன இருக்கு? வேளாவேளைக்குச் சோறு போடுறான்ல?" என்றாள் வேறொருத்தி.

"நாய்க்கும்தான் போடுறோம். அதுக்கு ஒண்ணொண்ணுக்கும் தனிப் பேரு வைக்கிறோமே!"

மாடி சிரித்தது. மகள் மட்டும் சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "அவன் கெட்டவனாவே இல்லியே. அதுதான் எனக்கு பயமா இருக்கு. அடிக்கல, திட்டல. கெட்டவனா இருந்திருந்தா அவ எப்பவோ ஓடியிருப்பா. இவன் நல்லவனா இருந்துக்கிட்டே அவளை இல்லாம ஆக்கிட்டான்."

இரண்டு மூன்று கத்தரிக்கோல்கள் தட்டின, தொண்டைக்கு அல்ல, அந்தப் பெண்ணுக்கு.

காஜாக்காரிக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "அவனைச் சொல்லி என்ன ஆகப்போகுது? முதல்ல செத்தவளைச் சொல்லணும். செத்தும் எடத்தை விடாம உக்காந்திருக்கா பாரு. இவ வாயைத் திறக்கறதுக்குள்ள முந்திக்கிட்டு வர்றா. அவ விட்டாத்தானே இவ மனுஷியா இருக்க முடியும்?"

"செத்தவ மேல உனக்கென்னடி கோபம்? உன் வீட்டையா எழுதி வாங்கிட்டுப் போனா?" என்றாள் இஸ்திரிக்காரி.

"அந்த நாலாவது பொண்ணும் சரியில்லம்மா" என்றாள் மகள். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் அவ இல்லன்னு சொல்லியிருக்கலாம். பதில் சொல்லிக்கிட்டே இருந்தா அந்தப் பொய்யில அவளுக்கும் பங்கு இருக்குல்ல?"

காஜாக்காரியின் கத்தரிக்கோல் துணியில் இறங்கிக்கொண்டிருந்தது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டிக்கொண்டு போய்விட்டது. அத்தனை வருஷத்தில் அவள் கெடுத்த முதல் கோட்டு. மேற்பார்வைக்காரர் வந்து, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில்தான் அது ஆரம்பித்தது.

மாமியாருக்குக் கண்ணில் புரை விழுந்து வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். முன்னறைக் கட்டிலில் படுத்தபடி கூப்பிடுவதுதான் அவளுடைய ஆட்சி. அன்றும் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காஜாக்காரி குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு "வந்தேன்" என்றாள்.

"கேட்டுச்சுடி. எதுக்கு ரெண்டு தடவை வந்தேன் வந்தேன்னு கத்துற? எனக்குக் கண்ணுதான் தெரியல, காது நல்லாவே கேக்குது" என்றாள் மாமியார்.

காஜாக்காரி ஒரு தடவைதான் சொன்னாள்.

மகள் அப்போது கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் சமையலறையை எட்டிப் பார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது. கை துடைக்கிற துணி, அவள் எப்போதும் ஆணியில் மாட்டுகிற துணி, மடித்து மேடை மேல் வைக்கப்பட்டிருந்தது. நாலு மூலையும் உள்ளே தள்ளி மடிக்கிற மடிப்பு. அப்படி மடிக்கிறவள் ஒருத்திதான் இருந்தாள்.

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். அவளும் முதலில் நம்பவில்லை. மாமியாருக்கு வயதாகிவிட்டது, துணியை நாமே மடித்து மறந்திருப்போம் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளும் கேட்டது, இந்தமுறை அவள் காதுக்கே. மாமியார் கூப்பிட்டாள். காஜாக்காரி மூச்சை இழுத்தாள். அவள் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து "வந்தேன்" என்றது. அலுத்துக்கொள்ளாத, கொஞ்சம் இழுத்துச் சொல்கிற குரல். சின்ன வயதில் அவளைத் தூங்கவைத்த குரல்.

பயந்து ஓடினாளா என்றால், அதுதான் இல்லை. அவளுக்குப் பொறாமை வந்தது. பேய் மேல் பொறாமைப்பட்ட பெண்ணை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஊர் முழுக்க அக்காவாக நடந்து, அக்காவின் துணியை உடுத்தி, அக்காவின் பிள்ளையை வளர்த்து, அக்காவின் புருஷனுக்குக் கண்ணை மூடிவிட்டு, எல்லாம் செய்து முடித்த பிறகு இப்போது வந்து பெயருக்கு உரிமை கொண்டாடுகிறாளா? வரட்டும், பார்க்கலாம். மாமியார் தொண்டையைச் செருமுவது கேட்டாலே போதும், காஜாக்காரி "வந்தேன் வந்தேன்" என்று ஓடினாள். பாதிச் சோற்றில் எழுந்து ஓடினாள். சோப்பு நுரையோடு ஓடினாள். ஒருநாள் மாமியார் வெறுமனே தும்மினாள், அதற்கும் ஓடிப்போய் நின்றாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? பிசாசு துரத்துற மாதிரி வர்ற?" என்றாள் மாமியார்.

எவ்வளவு ஓடியும் பத்துக்கு ஒன்பது தடவை அக்காதான் முந்தினாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திட்டினாள். "போதும்க்கா. நீ போய்ட்ட. போனவ போனவளா இரு. இந்த ஒண்ணையாவது எனக்கு விடு."

கதவைத் திறந்தபோது மகள் வெளியே நின்றாள். "யாரோட பேசுறம்மா?"

"பூனையோட."

"நம்ம வீட்ல பூனை ஏது?"

"அதான், வராதன்னு சொல்லிட்டிருக்கேன்."

மகள் அவளையே பார்த்தாள். "சித்தி மாதிரியே பேசுற நீ சில நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்தச் சித்தியை அவள் பார்த்தாள்? பாட்டி சொன்ன கதையிலிருந்து ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். காஜாக்காரி அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தன் பெயர் வேண்டுமென்றால் "அம்மா" போய்விடும். "அம்மா" வேண்டுமென்றால் அக்காவாகவே சாகவேண்டும். இரண்டும் ஒரு கையில் கொள்ளாது. அவள் திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாடியில் அதற்குள் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வைக்காரர் யாரையும் வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார். காஜா, பட்டன், இஸ்திரி. ஒருநாள் "ஏய் இஸ்திரி!" என்று கத்தினார். இஸ்திரிக்காரி நிமிரவில்லை. இரண்டாம் முறை கத்தினார்.

"மேசை மேலதான் சார் இருக்கு. சூடா இருக்கு, பார்த்து எடுங்க" என்றாள் அவள், பெட்டியைக் காட்டி.

கத்தரிக்கோல்கள் கூரை இடிகிற மாதிரி தட்டின. அன்று முழுக்க அவர் கூப்பிட்டதற்கு எந்த மேசையிலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேற்பார்வைக்காரர் முட்டாள் இல்லை. இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். முக்காலிக்குப் பக்கத்தில் போய், புத்தகத்தின் மேல் கையை வைத்து, தொண்டையின் காதில் கொஞ்ச நேரம் பேசினார். போகும்போது உரக்கவே சொன்னார்: "கதைன்னா நல்லபடியா முடியணும்யா. கேக்கறவங்களுக்கு நிம்மதியா இருக்கணும்."

அதற்கடுத்த நாளே கதை நல்லபடியாக முடிந்தது. நாலாவது பெண் எஜமானனுக்கு நோய் வந்தபோது கண்விழித்துப் பார்த்துக்கொண்டாளாம். அவன் மனம் நெகிழ்ந்து, நீதான் என் வீட்டு விளக்கு என்றானாம். அவள் அழுதாளாம். குரல்களெல்லாம் அடங்கிப்போயினவாம். சுபம்.

ஒரு கத்தரிக்கோல்கூடத் தட்டவில்லை. தொண்டை கனைத்தார். மறுபடி கனைத்தார்.

"சார், அந்த விளக்குக்குப் பேரு என்ன? அதைக் கேட்டானா அவன்?" என்றாள் மகள்.

அவர் புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். அவர் படித்த இடத்துக்குப் பின்னால் இன்னும் கால்வாசிப் புத்தகம் இருந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அவரவர் வேலையைப் பார்த்தார்கள். சிலருக்கு உள்ளூர நிம்மதிகூட. வீட்டு விளக்கு என்று யாராவது சொன்னால் அவர்களும் இருந்துவிடுவார்கள்.

காஜாக்காரியால் இருக்க முடியவில்லை. அந்தச் செத்த பெண்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் அவள் எப்படி வீட்டுக்குப் போவாள்? போனால் அங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாளே. மாடியின் கோடியில் கைகழுவுகிற குழாயடி. வேலை முடிந்து தொண்டை அங்கே வாய் கொப்பளிக்க வந்தபோது அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உண்மையில எப்படி முடியுது? சொல்லுங்க."

"இன்னிக்குப் படிச்சதுதான் முடிவு, அம்மா."

"நீங்க முக்காலியில உக்காந்து பொய் சொன்னப்ப உங்க குரலே உங்களை விட்டுட்டுப் போயிடுச்சு. சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கு அது வேணும்."

"வேலை போயிடும்மா. எனக்கு வேற என்ன தெரியும், படிக்கிறதைத் தவிர?"

"எனக்கும்தான் ஓட்டை போடுறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. சொல்லுங்கண்ணே."

அண்ணே என்று அவரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. அவர் குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு அமுங்கட்டும் என்று. குனிந்து, முகம் கழுவுகிறவர் போல, சொன்னார்.

நாலாவது பெண் ஒருநாள் விடியலில் தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டாள். பின்வாசல்வரை வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து எஜமானன் கூப்பிட்டான். பழகின கால், திரும்பிவிட்டது. அப்போது படிக்கட்டிலிருந்து ஒருத்தி "வந்தேன்" என்றாள். சமையல் கட்டிலிருந்து ஒருத்தி. கிணற்றடியிலிருந்து ஒருத்தி. எஜமானன் திருப்தியாகப் புரண்டு படுத்தான். அவள் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் போனதே அவனுக்குக் கடைசிவரை தெரியாது. வருஷக்கணக்கில் அந்த வெறும் வீட்டில் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், பதில் வந்துகொண்டே இருக்கிறது.

"அப்ப அவளுங்க..." என்றாள் காஜாக்காரி.

"அதைப் பத்தி ரொம்பப் பேரு சண்டை போட்டிருக்காங்க. செத்தவங்க எஜமானனைப் பழி வாங்கினாங்கன்னு சில பேரு. அடிமைப்புத்தி செத்தும் போகலன்னு சில பேரு. அவளை விடுவிக்கத்தான் பதில் சொன்னாங்கன்னு சில பேரு. எழுதினவர் ஒண்ணுமே சொல்லாம விட்டுட்டார்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணுறதைக் கேட்டு யாரும் என்னை முக்காலியில உக்கார வைக்கலம்மா" என்றார் அவர். குழாயை மூடிவிட்டுப் போனார்.

காஜாக்காரி வீட்டுக்கு நடந்தாள். அக்கா முந்திக்கொண்டது எதற்கு? பிடுங்கிக்கொள்வதற்கு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாளோ? சின்ன வயதில் வீட்டில் யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் அக்கா இப்படித்தான் முந்திக்கொண்டு எழுந்து போவாள், தங்கை இன்னும் கொஞ்சம் விளையாடட்டும் என்று. அது நினைவுக்கு வந்ததும் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். இன்னொரு பக்கம் மனசு முறுக்கியது. இதுவும் நானாகக் கட்டிக்கொள்கிற கதையாக இருக்கலாம், மாமியார் கட்டின கதை மாதிரி. செத்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று உயிரோடு இருப்பவர்கள் சொல்வதெல்லாம் அவரவர் சௌகரியம்தானே. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

வீட்டில் விளக்கு போட்டாயிற்று. மகள் முன்னறையில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காஜாக்காரி அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள், முகம் தெரிகிற மாதிரி. மாமியார் கட்டிலில் அசைந்தாள். கூப்பிட்டாள்.

காஜாக்காரி வாயைத் திறக்கவில்லை. உதட்டை மடித்துப் பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பழகின வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. முட்டட்டும் என்று இருந்தாள்.

"வந்தேன்" என்றது சமையலறை.

மகளின் கத்தி நின்றது. எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பார்த்தாள். மூடின வாயைப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் திரும்பினாள். அங்கே இருட்டு.

"அம்மா... உள்ள யாரு?"

"உன்னைப் பெத்தவ."

"விளையாடாதம்மா. யாரு உள்ள?"

"விளையாடல. உன்னைப் பெத்தவதான். நீ கைக்குழந்தையா இருக்கும்போது போனவ."

"அப்ப நீ?"

"உன் சித்தி. சாகல."

கட்டிலில் மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "வாயை மூடுடி! யாரைக் கேட்டுச் சொன்ன?" என்று அவள் கத்தியது தெருவரை கேட்டிருக்கும். காஜாக்காரி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், காய்ச்சல் முதல், ஊர் மாறியது முதல். அழாமல் சொன்னாள். அழுதால் அது பிள்ளையைப் பிடித்துவைக்கிற வேலையாகிவிடும் என்று பிடிவாதமாக அழாமல் இருந்தாள்.

மகள் கேட்டு முடித்தாள். நறுக்கின காயை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள். சமையலறை வாசல்வரை போய், உள்ளே கால் வைக்காமல், நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் காஜாக்காரியை எதையும் சொல்லிக் கூப்பிடவில்லை. அம்மா இல்லை, சித்தி இல்லை. மாடியில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழ்மடிப்பு தைப்பவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் தேவையானதைப் பொருளைப் பார்த்துச் சொன்னாள். "உப்பு வேணும்." "கதவு தாழ் போடலை." காஜாக்காரி இதற்குத்தான் பயந்திருந்தாள். பயந்தது வந்ததும் ஒன்று தெரிந்தது, இதையும் தாங்க முடிகிறது. ராணுவக் கோட்டு ஆர்டர் வந்திருந்தது, முரட்டுத் துணி. நாள் முழுக்கக் குனிந்து வெட்டினாள். வெட்டு ஒன்றுகூடப் பிசகவில்லை.

"தாயும் பிள்ளையும் என்னடி முறைச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் இஸ்திரிக்காரி.

"நான் தாய் இல்ல" என்றாள் காஜாக்காரி. பெட்டிக்கடியில் துணி தீய்ந்து புகை வந்த பிறகுதான் இஸ்திரிக்காரி அதைத் தூக்கினாள்.

மாமியார் மட்டும் மாறவில்லை. கூப்பிட்டாள், அதே பெயரைச் சொல்லி. அக்கா பதில் சொன்னாள். கிழவிக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. தண்ணீர் வேண்டும், முதுகு பிடிக்கிறது என்று இருட்டைப் பார்த்துப் பேசினாள். காஜாக்காரி தண்ணீர் கொண்டுபோய் வைப்பாள், ஒன்றும் பேசாமல். கொண்டுவந்தது யார் என்று கிழவி கேட்டதே இல்லை.

ஒரு விடுமுறை நாள். காஜாக்காரி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகள் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்து, எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றாள்.

"உன் பேரு என்ன?" என்றாள் கடைசியில்.

காஜாக்காரி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். சட்டென்று வரவில்லை. அவ்வளவு காலம் யாரும் எடுக்காத பெயர். தேடிப் பிடித்துச் சொன்னாள். யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது. மகள் அதைத் தன் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று வளர்க்கப்பட்ட அந்தப் பெண், வேண்டுமென்றே, தெரு கேட்கிற மாதிரி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திட்டுவதற்கா, உறவுக்கா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்லிவிட முடியாது.

காஜாக்காரியின் காது தன்னையறியாமல் சமையலறைப் பக்கம் போயிற்று. அங்கே யாரும் முந்தவில்லை. வீடு அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"மரியாதை கெட்டவளே, என்னடி?" என்றாள்.